கூடத்துப் பள்ளிக்கூடம்

சென்னை ஃபிளாட் ஒன்றில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்தும் அம்மாவிடம் எதிர்வீட்டு மாமி கேட்கிறார்: "நாள் முழுக்க வீட்ல சும்மாதானேம்மா இருக்கே, என் பேத்தியையும் கொஞ்சம் பார்த்துக்கயேன்?" தலைமையாசிரியை, ஆயா, சமையல்காரர், வாட்ச்மேன் என எல்லாப் பதவிகளையும் ஒரே நைட்டியில் வகிப்பவரிடம் கேட்கிற கேள்வி!

ஃபிரிட்ஜ் கதவில் நான்கு வண்ணத்தில் கால அட்டவணை. ஒன்பது மணிக்குக் கணக்கு. காஸ் சிலிண்டரும் தண்ணீர் லாரியும் வருவதும் ஒன்பதுக்குத்தான். பின்னக் கணக்கு பாதியில் நிற்கும்போது குக்கர் இரண்டாவது விசில் அடிக்கும். மூன்றில் இரண்டு பங்கு முடிந்தது என்று அதையே பாடமாக அறிவித்துவிடலாம். இத்துறையில் தோல்வி கிடையாது. எல்லாமே செயல்வழிக் கற்றல். வெண்டைக்காய் நறுக்கினால் தாவரவியல், கொத்தமல்லி வாங்க அனுப்பினால் பொருளாதாரம்.

"போலீஸ் பிடிக்காதா?" என்பது மாமியாரின் நிரந்தரக் கவலை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை பள்ளிக்கூடத்தைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. வீட்டுக்கல்வியைப் பற்றி வாயே திறக்கவில்லை. 14 முடிந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அதுவரை அம்மா வைத்ததுதான் தேர்வு.

நவம்பரில் மழை வலுத்து ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்தால் சிக்கல். கட்டிலுக்கும் வகுப்பறைக்கும் பத்தடி தூரம். வழியில் தண்ணீரும் தேங்கவில்லை. ஆனாலும் அரசு உத்தரவை மீறுவது குற்றம் என்று பெரியவன் வாதாடுகிறான். குடிமையியல் மட்டும் நன்றாக ஏறியிருக்கிறது.