பரங்கிமலை அளவையியல்: விமானம் பார்த்தல் குறித்து ஒரு சிற்றாய்வு

விமானம் பார்ப்போர் இருவகைப்படுவர்: ஏறிப் போகிறவரை வழியனுப்ப வந்தவர் ஒருவகை, ஏறியவர் எவரையும் அறியாதவர் மற்றொரு வகை. முதல் வகையினர் இவ்வாய்வின் எல்லைக்குள் வாரார். என்னை? அவர்கள் பார்ப்பது விமானத்தை அன்று. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் டிராலி தள்ளிக்கொண்டு போகும் மருமகனை. மருமகன் மறைந்ததும் வேன் டிரைவருக்குப் போன் போட்டுவிடுவார்கள். இரண்டாம் வகையினரே ஈண்டு ஆராயப்படுவர். இவர்களைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வு எதுவும் வந்ததாக யான் அறியேன், தேடவும் இல்லை.

களம், பரங்கிமலை உச்சி. காலம், மே மாதத்து ஞாயிறு. கருவிகள், பைனாகுலர் ஒன்று, உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த பழைய டைரி ஒன்று, தண்ணீர் பாட்டில் இரண்டு. தகவலாளர், பன்னிரண்டாம் வகுப்பு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த என் அக்கா மகன். ஆய்வாளர், அவனைத் தனியே அனுப்ப அக்காவுக்கு மனம் வராததால் துணைக்கு அனுப்பப்பட்ட யான்.

இக்களத்தின் தொன்மை பற்றி ஒரு சொல். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இந்திய நிலத்தை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கியபோது, முதல் அடிக்கோட்டை ஏறத்தாழ ஏழரை மைலுக்கு இழுத்தது இந்த மலையருகே இருந்துதான். ஆக, வெயிலில் நின்று கருவிக் கண்ணாடி வழியே எதையோ பார்த்து நோட்டில் குறிப்பது இங்கே இருநூறு ஆண்டு கடந்த மரபு. விமானம் பார்த்தலுக்கும் வயது குறைவில்லை. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்சன் கம்பெனியில் செய்வித்த விமானத்தைப் பக்கத்துப் பல்லாவரத்தில் பறக்கவிட்டது 1910இல். அன்று அண்ணாந்து பார்த்தவர்களே நம் துறையின் ஆதி ஆசிரியர்கள். அவர்களுக்கு இருந்த ஒரு வசதி நமக்கு இல்லை: எந்த விமானம் என்று கண்டுபிடிக்க வேண்டியதில்லை, இருந்தது ஒன்றுதான்.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் விமான நிலையத்தில் இதற்கென்றே ஒரு பூங்கா அமைத்து, அதில் ஒரு கான்கார்டையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நமக்கு மலை உண்டு; போர்த்துக்கீசியர் கட்டிய கோயில் உண்டு; சுவரோரம் கொஞ்சம் நிழல் உண்டு. மலை முந்நூறு அடி. கிண்டிப் பக்கமிருந்து இறங்கி வரும் விமானம் மூன்று பாகைச் சரிவில் வருகிறது. அதாவது, தரை தொட இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கையில் அது 52 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஆகவே மலையைக் கடக்கும்போது ஏறக்குறைய நம் கண்ணுக்கு நேரே, எதிர்வீட்டு மாடியில் யாரோ நடந்து போவது போலப் போகும். அண்ணாந்து கழுத்து வலிக்காமல் விமானம் பார்க்கக் கிடைப்பது சிறு பேறு அன்று.

இனி அளவைகள். நம் தருக்க நூலார் அறிவு வரும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றாகப் பகுப்பர். மலை உச்சியில் மூன்றும் தொழிற்படக் கண்டேன்.

கருதல் என்பது சத்தம். புகையைக் கண்டு நெருப்பை அறிவது போல, என் தகவலாளன் டைரியிலிருந்து தலை தூக்காமலே, “ஏடிஆர் மாமா” என்றான். திரும்பிப் பார்த்தேன். இரண்டு விசிறிகளை இறக்கையில் மாட்டிய சின்ன விமானம்; இறக்கை தோளுக்கு மேலே இருந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பலாலி வரை போய் வருவதும் இவ்வகைதான். இதன் ஒலியை மாவு அரைக்கும் கிரைண்டருக்கு ஒப்பிடலாம்.

காண்டலில்தான் சிக்கல். அந்தியில் தூரத்தே நிற்பது கட்டையா ஆளா என்னும் மயக்கத்தை ஐயக்காட்சிக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர் பழையோர். இக்காலத்துக்குப் பொருந்தும் எடுத்துக்காட்டு, வருவது ஏர்பஸ் 320ஆ போயிங் 737ஆ என்பது. சாதாரண மனிதனுக்கு இரண்டும் ஒன்றே. பையன் எனக்கு இலக்கணம் சொன்னான்: 737இன் எஞ்சின் வாய் வட்டமாக இராது, அடிப்பக்கம் தட்டையாக இருக்கும், வெற்றிலை அடக்கிய தாடை போல. மேலே ஏறிப் போகும்போது அதன் சக்கரங்கள் வயிற்றில் முழுதாக மூடப்படா. இரண்டு கறுப்பு வட்டங்கள் வெளியே தெரியும். ஏ350 என்றால் ஓட்டுநர் சன்னலைச் சுற்றிக் கறுப்புக் கண்ணாடி போட்டது போல் ஒரு பட்டை. 777 என்றால் சக்கரத்தை எண்ணு, பக்கத்துக்கு ஆறு. இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு நானே துணிந்து ஒன்றைச் சுட்டி, “அதோ, சின்னதா ஒண்ணு, ஓசையே இல்லாம வருது பார்” என்றேன். பருந்து. இது திரிபுக்காட்சி.

வகை தெரிந்தால் போதும் என்பாரும் உளர். அற்றன்று. வாலுக்கு அருகே எழுதியிருக்கும் பதிவெண்ணைப் படித்தால்தான் டைரியில் ஏறும். ‘விடி’ என்றால் இந்தியா, ‘4ஆர்’ இலங்கை, ‘9எம்’ மலேசியா, ‘9வி’ சிங்கப்பூர், ‘ஏ6’ அமீரகம். விடி என்பது வைசிராய் டெரிட்டரியின் சுருக்கம் என்று ஒரு கதை உலவுகிறது, கதைதான். ‘வி’யில் தொடங்கும் எழுத்துகள் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கு ஒதுக்கப்பட்டன, நமக்கு வாய்த்தது விடி. பெட்டியில் ஒட்டும் சீட்டிலோ இன்றும் சென்னை ‘எம்ஏஏ’தான். 1996இல் ஊர் பேர் மாறியது பெட்டிகளுக்கு இன்னும் தெரியாது.

மூன்றாவது, உரையளவை. அதாவது ஆப்த வாக்கியம், சுருக்கமாக ஆப். ஒவ்வொரு விமானமும் தன் பெயரையும் உயரத்தையும் வேகத்தையும் ரேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டே பறக்கிறது. ஃபிளைட்ரேடார்24 அதைக் கேட்டு மஞ்சள் பொம்மையாக வரைபடத்தில் நகர்த்திக் காட்டுகிறது. பதிவெண்ணும் அதிலேயே இருக்கிறது. அப்படியானால் மலையேறுவானேன், அக்கா வீட்டு மின்விசிறியின் கீழே படுத்தபடி டைரியை நிரப்பலாமே என்று வினவினேன். தகவலாளன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

“அது என்ன வருதுன்னு தெரிஞ்சுக்கத்தான் மாமா. நம்ம கண்ணால படிச்சாத்தான் கணக்கு.”

இதுவே பரங்கிமலைப் பள்ளியின் முதற் சூத்திரம். உரையளவை வழிகாட்டும், வரவு வைக்காது. யாரும் சரிபார்க்கப் போவதில்லை, பரிசும் இல்லை, டைரியைத் திறந்து பார்க்கக்கூட ஆளில்லை. ஆனாலும் அந்தக் கணக்கில் பொய் எழுத அவனால் முடியாது. என் அலுவலக வாழ்வில் இவ்வளவு சுத்தமான பதிவேட்டை நான் கண்டதில்லை.

சூத்திரம் சோதனைக்குள்ளானது காலை எட்டேகாலுக்கு. பசித்தது, கீழே இறங்கி டீக்கடையில் நின்றோம். என் கையில் வடை, அவன் கையில் டீ. ஆப் பார்க்காத அந்த மூன்று நிமிடத்தில் மலைப்பக்கத்து வானம் முழுக்க ஒரு கனத்த ஓசை. 777. ஆறாறு சக்கரமும் தெரிந்தன. “ஏ6... ஈ...” என்று அவன் உரக்கப் படித்தான். மீதி இரண்டு எழுத்தை எதிர்வீட்டுச் சின்டெக்ஸ் டேங்க் மறைத்துக்கொண்டது. டேங்கைத் தாண்டி வால் மட்டும் வெளிவந்தது. டீ அவன் செருப்பில். டைரியில் ‘ஏ6-ஈ’ என்று எழுதி, பக்கத்தில் இரண்டு சிறு கோடு போட்டான். ஆப்பில் அந்த இரண்டு எழுத்தும் அவன் சட்டைப் பையிலேயே இருந்தன. எடுக்கவில்லை.

பிற்பகல் நிகழ்ச்சியைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். ஒரு மணி வாக்கில் சட்டை உப்பிற்று, கடற்காற்று. பையன், “போச்சு மாமா, ரன்வே மாத்திட்டாங்க” என்றான். அதற்குள் புதுசு போட்டுவிட்டார்களா என்று வியந்தேன். மாற்றியது திசையைத்தான். விமானம் எதிர்க்காற்றில்தான் இறங்கும், ஏறும். காலையில் மேற்குக் காற்று, ஆகவே ஓடுபாதை 25. கடற்காற்று வந்ததும் அதே தார் 07. திசைமானியின் பாகையில் கடைசிச் சுழியை நீக்கினால் கிடைக்கும் எண் இது. ஒரு முனைக்கும் மறு முனைக்கும் எப்போதும் 18 வித்தியாசம். விளைவு, இறங்குபவையெல்லாம் மேற்கே போய்ச் சுற்றிவர, நமக்குக் கிடைத்தவை கிளம்பி ஏறுபவை. அவை சீக்கிரம் உயர்ந்துவிடும், படிக்க நேரமில்லை. மெரினாவில் காற்று வாங்குவோர் கொண்டாடும் அதே காற்றைப் பரங்கிமலைப் பள்ளியார் சபிக்கும் காரணம் இதுதான்.

மாலை ஆறரைக்கு இறங்கினோம். வரவு நாற்பத்தேழு, ஐயம் ஒன்று.

இதைப் படிப்பவர்களில் எவரேனும் அந்த ஞாயிறு காலை எட்டேகாலுக்குப் பரங்கிமலைப் பக்கம் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்து, அந்த வாலில் கடைசி இரண்டு எழுத்தைக் கண்டிருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். பையன் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டான்; எனக்குத் தெரிய வேண்டும். ஆப்பில் பார்த்துச் சொல்பவர்கள் எழுத வேண்டாம்.