காதில் ஏறாத ஜிமிக்கி

கடைப்பொருளைத் தொடவே ஊர் பயந்த கொரோனாக் காலம். 2021-இல் டெல்லி, பெங்களூரு விமான நிலையங்களில் தனிஷ்க் நகைக்கடை ஒரு திரையை வைத்தது. முன்னால் போய் நின்றால் போதும். பட்டை தீட்டாத வைரம் பதித்த போல்கி நகைகள் தாமாகவே வந்து உட்காரும். கேமரா முகத்தை அளந்து, காதுமடல் எங்கே, கழுத்து எங்கே என்று கணக்குப் போட்டு, அங்கே நகையின் படத்தை ஒட்டிவிடும்.

வசதிக்குக் குறைவில்லை. திருகாணி தொலையாது. காது குத்தியிருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எதுவுமே இல்லாத நகை வேறெங்கே கிடைக்கும்? பத்துத் தட்டை இறக்கச் சொல்லிவிட்டு, "அப்புறம் வர்றோம்" என்று நழுவும் சங்கடமும் இல்லை.

ஆனால் பெரியம்மாக்களிடம் இந்தப் பருப்பு வேகாது. அவர்கள் நகையை முதலில் உள்ளங்கையில் போட்டு ஒரு தூக்குத் தூக்கிப் பார்ப்பார்கள். பிறகு புரட்டி ஹால்மார்க் முத்திரையைத் தேடுவார்கள். கொக்கியை இரண்டு தரம் மாட்டிக் கழற்றுவார்கள். கண்ணாடி கடைசியில்தான். "எத்தனை பவுன்?" என்றால் திரை எண்ணைக் காட்டும், கனத்தைக் காட்டாது.

நகை நமக்கு அலங்காரம் பாதி, அடகு பாதி. முகத்துக்கு எடுப்பாக இருக்கிறதா என்று சொல்லும் மென்பொருள், அவசரத்துக்கு எவ்வளவு தேறும் என்றும் சொல்லட்டும். பெங்களூருவின் கடைவீதியான சிக்பேட்டையே அதன்முன் வரிசையில் நிற்கும்.