கூகுளில் இறங்கினால் ஏன் இந்தக் கூச்சல்?

கேள்வி: கூகுள் தேடலில் வரிசை மாறினால் போதும், இணையதளக்காரர்கள் குய்யோ முறையோ என்று கத்துகிறார்களே! சரக்கு நன்றாக இருந்தால் ஆட்கள் தானாக வரமாட்டார்களா?

பதில்: வரமாட்டார்கள். முதல் பக்கத்தில் கிடைத்ததைப் படித்துவிட்டுப் போகிறவர்கள்தான் நம்மில் அநேகம் பேர். இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளப்பட்டவர் கடையைத் திறந்து வைத்தும் பயனில்லை.

எல்லாக் கூச்சலும் நியாயம் என்று சொல்ல மாட்டேன். 2011-இல் ‘பாண்டா’ மாற்றம் வந்தபோது, ஒப்புக்கு எழுதிக் குவித்த தளங்கள் அடிவாங்கின. அடுத்த ஆண்டு ‘பென்குவின்’, காசு கொடுத்து இணைப்பு வாங்கியவர்களைப் பிடித்தது. இரண்டுமே வேண்டியதுதான்.

ஆனால் பிரிட்டனின் ‘ஃபவுண்டம்’ கதை வயிற்றெரிச்சல். ஒரு கணவனும் மனைவியும் 2006-இல் தொடங்கிய விலை ஒப்பீட்டுத் தளம் அது. தொடங்கிய சூட்டிலேயே கூகுளில் அதலபாதாளத்துக்குப் போனது. மற்ற தேடுபொறிகளிலோ நன்றாகவே வந்தது! 2009-இல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தார்கள். தன் சொந்த ஷாப்பிங் சேவையை மேலே ஏற்றி, போட்டியாளர்களைக் கீழே இறக்கியதற்காக 2017-இல் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம். மேல்முறையீட்டில் கூகுள் கடைசியாகத் தோற்றது 2024 செப்டம்பரில்.

ஃபவுண்டம் 2016-லேயே மூடியாகிவிட்டது. தளம் உயிரோடு இருந்தது சுமார் பத்து வருடம், புகார் நடந்தது பதினைந்து வருடம். கத்தாமல் என்ன செய்வார்கள்?