பாசி எடுத்த வருடங்களுக்கு எத்தனை மதிப்பெண்?

பெறுநர்: பெயரைச் சொன்னால் அடுத்த நேர்காணலுக்கும் அழைப்பு வராது என்பதால் பெயர் குறிப்பிடப்படாத ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அவர்கள்.

அனுப்புநர்: பாம்பன்காரன், முனைவர் (கடலியல்), நிரந்தரத் தற்காலிகப் பணியாளர்.

பொருள்: உதவிப் பேராசிரியர் பணிக்கு ஏழாம் முறையாக விண்ணப்பித்தல் – தொடர்பாக.

ஐயா,

விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்றிவிட்டு, அதையே அச்செடுத்து, ஐந்து செட் ஸ்பைரல் போட்டு, விரைவு அஞ்சலிலும் அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். அனுப்பிவிட்டேன். ராமநாதபுரத்து ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைப் 'புரொபசர்' என்றே கூப்பிடுகிறார். எனக்கு இதுவரை கிடைத்த ஒரே நியமனம் அதுதான்.

2018ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிப்படி என் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தேன். முனைவர் பட்டத்துக்கு 30, கட்டுரைக்கு இரண்டிரண்டாக 10 வரை, கற்பித்த வருடத்துக்கு 2. இப்படி நூற்றுக்குக் கணக்குப் போட்டு ஆளைக் கூப்பிட்டபின், நேர்காணலை மட்டும் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது அதே விதி. ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடி வருகிறவனுக்குக் கடைசியில் சாமி தரிசனமாவது உண்டு.

என் அம்மா பாம்பன் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுப்பவர். விரலில் துணி சுற்றி, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு முங்குவார். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை எதுவானாலும் கை பட்டதும் சொல்லிவிடுவார். என் ஆய்வேட்டின் மாதிரிகளில் பாதி அவர் எடுத்துக் கொடுத்தவை. ஜெலிடியெல்லா, கிராசிலேரியா, சர்காசம் என்று பெயர் ஒட்டியது மட்டும் நான். எனக்கு 30, அவருக்குச் சுழி. அதே ஊரில் பாசி எடுக்கும் பெண் ஒருவருக்கு 2015இல் அமெரிக்காவின் சீக்காலஜி அமைப்பு விருது கொடுத்தது. சர்வதேச விருதுக்குத் தங்கள் பட்டியலில் 3 மதிப்பெண் உண்டு. மிச்சம் 97க்கு அவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்.

சோதனை எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை நோய்நொடி உண்டா என்று சோதிக்க நிறுத்திவைத்த இடம்தான் மண்டபம் முகாம். சில நாளில் அவர்களைக் கப்பலேற்றி விட்டார்கள். நானோ பதினொரு மாத ஒப்பந்தங்களில் எட்டு வருடமாகத் தங்கள் சோதனையில் இருக்கிறேன். கரையேற்றவும் இல்லை, கப்பலேற்றவும் இல்லை. பன்னிரண்டாம் மாதம் நான் யாரென்றே தங்களுக்குத் தெரியாது. மறுபடி அதே அறை, அதே நாற்காலி, அதே கேள்வி: "கடல் அனுபவம் உண்டா தம்பி?"

(தனுஷ்கோடித் துறை 1964 புயலோடு போனது. கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1971இல் மண்டபத்திலிருந்து கொச்சிக்குப் போனது. இன்னும் போகாமல் கிடப்பது என் கோப்பு.)

கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று 2019இல் யு.ஜி.சி. சொன்னது. எனக்குக் கௌரவம் மட்டும் மாதாமாதம் தவறாமல் வருகிறது.

இந்த முறையாவது நேர்காணலைக் கடற்கரையில் வையுங்கள். குழுவினர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நிற்கட்டும். கேள்விகளை அம்மா கேட்பார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள ஏழாம் முறைக்காரன்.

இணைப்பு: சான்றிதழ் நகல்கள், கட்டண ரசீது, உலர்ந்த மரிக்கொழுந்துப் பாசி ஒரு பிடி. கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது என்று தெரியும். பாசியை மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள், அம்மா எடைக்குப் போட வேண்டும்.