ஹப்காரர் பக்கம்

ஹப்காரர் பக்கத்தில் பிழை நேர்ந்ததாக ஃபைடோநெட்டில் நிரூபணமானதே இல்லை; நேர்ந்தது என்று சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் அனைவரும் தங்கள் பக்கத்தை இன்னொரு முறை பார்க்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். கணினியில் அமைந்த அறிவிப்புப் பலகைகளான பிபிஎஸ்களை வீட்டுத் தொலைபேசிக் கம்பியின் வழியே பிணைத்த தன்னார்வ வலையே ஃபைடோநெட். அதில் பிணைந்த ஒவ்வொரு பிபிஎஸும் நோடு, அதாவது முனை, எனப்பட்டது. வட்டாரத்து நோடுகளுக்கு வரும் மடல்களை மொத்தமாக வாங்கிச் சில்லறையாகப் பிரித்துக் கொடுக்கும் நோடு ஹப் எனப்பட்டது. அந்த ஹப்பைத் தம் வீட்டின் நிலவறையிலோ படுக்கையறை மூலையிலோ வைத்து நடத்திய அமெரிக்கர் 1980களின் பிற்பாதியிலும் 1990களின் முற்பாதியிலும் வட்டாரத்துக்கு ஒருவராவது இருந்தார், ஆள் வேறு, மோடம் வேறு என்றாலும் வாக்கியம் ஒன்றாகவே இருந்தது: "என் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது."

இந்த வாக்கியத்துக்கு வலையின் வயதே வயது எனலாம். 1984-இல் சான் பிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸ், தாம் எழுதிய ஃபைடோ என்னும் பிபிஎஸ் மென்பொருளைக் கொண்டு, பால்டிமோரில் இருந்த ஜான் மாடிலின் கணினியோடு கட்டணம் குறைந்த இரவு நேரத்தில் மடல் மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்தபோது, வலையில் இருந்தவை இரண்டே நோடுகள். ஆகவே 'என் பக்கம்', 'உங்கள் பக்கம்' என்னும் பாகுபாட்டுக்கு வேண்டிய அத்தனையும் அன்றே கூடிவந்துவிட்டது. நோடுகள் பெருகியதும் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் எண்ணும் முறை 1985 ஜூனில் கைவிடப்பட்டு, வட்டாரத்துக்கு ஒரு வலை எண்ணும் அதனுள் ஒவ்வொருவருக்கும் ஒரு நோடு எண்ணும் சேர்ந்த முகவரி வந்தது. பின்னர் வட அமெரிக்காவுக்கு 1, ஐரோப்பாவுக்கு 2 என மண்டல எண்களும் முன்னால் ஒட்டிக்கொண்டன. மேலே மண்டலம், கீழே வலை, அதன் கீழே ஹப், அடியில் சாதாரண நோடு என்று படிகள் அமைந்தபின் பிழைக்கும் ஒரு சரிவு கிடைத்தது. தண்ணீரைப் போல் அதுவும் மேலிருந்து கீழ்நோக்கியே ஓடியது.

இரண்டு நோடுகளை இணைப்பது என்பது, இரண்டு வீடுகளில் இரண்டு பேர் தனித்தனியே எழுதும் அமைப்புக் கோப்புகள் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போவதன்றி வேறில்லை. தொலைபேசியில் எண்ணைச் சுழற்றி மடற்பொதியைக் கைமாற்றும் நிரல் மெய்லர். பிங்க்லிடெர்ம், ஃப்ரண்ட்டோர் ஆகியவை அந்நாளில் பேர்பெற்ற மெய்லர்கள். வந்த பொதியைப் பிரித்து மடல்களை அதனதன் அறைக்குள் எறியும் நிரல் டாஸர். அவ்வறைகளுக்கு எக்கோ என்று பெயர். டல்லஸ் நகரின் ஜெஃப் ரஷ் 1986-இல் வழக்கத்துக்குக் கொண்டுவந்த இம்முறையில், ஒரு நோடில் எழுதிய மடல் அந்த எக்கோவை வாங்கும் எல்லா நோடுகளிலும் எதிரொலிக்கும். மெய்லரின் கோப்பில் முகவரி, தொலைபேசி எண், கடவுச்சொல். டாஸரின் கோப்பில் எக்கோக்களின் பெயர்கள், ஒவ்வொன்றும் யார் யாருக்குப் போக வேண்டும் என்னும் எண்கள். இவற்றில் ஒன்று பிசகினாலும் மடல் வராது. பிசகு இரு கோப்புகளில் எதிலும் இருக்கலாம் என்பது கணிதம், ஒன்றில்தான் இருக்கும் என்பது ஹப்காரர்.

தகராறு கடவுச்சொல்லில் தொடங்குவதே மரபு. அது தொலைபேசியில் வாய்மொழியாகச் சொல்லப்படும்; எட்டு எழுத்துக்கு மிகாது; நடுவில் வட்டமாக ஓர் எழுத்து இருக்கும். அதைப் புதியவர் பூஜ்யமாக எழுதிக்கொள்ள, சொன்னவரே தம் கோப்பில் 'ஓ' என்னும் ஆங்கில எழுத்தாகத் தட்டிவைக்க, அன்றிரவு இரு மோடங்களும் கீச்சிட்டு, இரைந்து, முகவரி பரிமாறி, கடவுச்சொல் பொருந்தாமல் இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். சற்று நேரத்தில் மெய்லர் மீண்டும் அழைக்கும், மீண்டும் துண்டிக்கப்படும். விடியும்போது புதியவரின் பதிவுக் கோப்பு மட்டும் நீண்டிருக்கும். அன்று மாலை நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இவ்வாறு அமையும்:

"கடவுச்சொல் பொருந்தவில்லை என்று வருகிறது."

"என் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது. நீங்கள் என்ன போட்டிருக்கிறீர்கள்?"

"நீங்கள் சொன்னதைத்தான்."

"அதுதான் தவறாக இருக்கும்."

மறுநாள் இரவு இணைப்பு கிடைத்துவிடும். புதியவர் தம் கோப்பில் ஒரு புள்ளியைக்கூட மாற்றியிருக்க மாட்டார், ஆயினும் ஹப்காரர் காலையிலேயே அழைத்து, ஆசிரியர் ஒருவரின் பரிவோடு, "பார்த்தீர்களா? என்ன மாற்றினீர்கள்?" என்று கேட்பார். அவர் பொய் சொல்பவர் அல்லர் என்பதை இங்கே பதிவுசெய்ய வேண்டும். அவருடைய வாக்கியம் எப்போதும் நிகழ்காலத்தில் அமைந்திருப்பது தற்செயலன்று. தொலைபேசியை ஒரு தோளில் இடுக்கிக்கொண்டு, தம் கோப்பைத் திறந்து, பிழையைக் கண்டு, திருத்தி, சேமித்து, மூடிய பிறகே "சரியாக இருக்கிறது" என்கிறார். சொல்லும் அக்கணத்தில் அது முழு உண்மை. "சரியாக இருந்தது" என்று இறந்தகாலத்தில் அவர் சொன்னதைக் கேட்டவர் இலர். மறுமுனையில் காத்திருப்பவருக்கு விசைப்பலகையின் தட்டொலி கேட்டுக்கொண்டேதான் இருக்கும்; அது என்ன ஒலி என்று கேட்கும் துணிவு புதியவர்களுக்கு வருவதில்லை.

பொதியைச் சுருக்கும் முறையிலும் இதே நாடகம் நடக்கும். மடல்களைத் தனித்தனியே அனுப்பினால் தொலைபேசிக் கட்டணம் கட்டாது என்பதால் அவை ஒரே கோப்பாகச் சுருக்கிக் கட்டப்பட்டன. நெடுநாள் ஆர்க் என்னும் வடிவமே பொது வழக்கு. 1989-இல் ஃபில் காட்ஸ் ஸிப் வடிவை வெளியிட்ட பின் பலரும் அதற்குத் தாவினார்கள். ஹப்காரரும் ஒரு நள்ளிரவில் தாவுவார். தாவியதை யாரிடமும் சொல்ல மாட்டார். பழைய ஆர்க் நிரலை மட்டும் வைத்திருப்பவரின் கணினியில், பிரிக்க முடியாத பொதிகள் கல்யாண வீட்டில் கவனிப்பாரற்ற சம்பந்திகள்போல் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும். முறையிட்டால், பொதி நல்ல முறையில் போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தம் பதிவுக் கோப்பு சொல்கிறது என்பார் ஹப்காரர், சேர்ந்ததும் உண்மையே.

கடிகாரமும் தப்புவதில்லை. எல்லா நோடுகளும் பயனர்களை விலக்கிவிட்டு மடலுக்காக மட்டுமே காத்திருக்க வேண்டிய கட்டாய நேரம் மண்டல மடல் மணி எனப்படும். வட அமெரிக்காவில் அது உலகப் பொது நேரம் 9 முதல் 10 மணி வரை, கிழக்குக் கரைக்காரர்களுக்குக் குளிர்காலத்தில் அதிகாலை 4 மணி. வசந்தத்தில் அமெரிக்கக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்தள்ளப்படும், உலகப் பொது நேரமோ அசையாது. எனவே அந்நாளில் ஏப்ரலில் அந்தக் கட்டாய நேரம் 5 மணிக்கு நகர்ந்தது. ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஞாயிறன்று இதை எல்லாருக்கும் நினைவூட்டிச் சுற்றறிக்கை விடுபவர் ஹப்காரர்; அந்த வாரம் முழுவதும் ஒரு மணி நேரம் பிந்தியோ முந்தியோ ஓடுவது யாருடைய கணினி என்பதை ஊகிக்க அதிக அறிவு வேண்டியதில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம் என்பது ஃபைடோநெட்டிலும் செல்லுபடியாகும் நீதி.

அவருடைய மற்றப் பழக்கங்களுக்கு இங்கே இடம் குறைவு. யூஎஸ் ரோபாட்டிக்ஸ் கூரியர் மோடத்தைப் பற்றித் தம் பிள்ளையைப் பற்றிப் போலப் பேசுவது, கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் கையேட்டின் பக்கத்தைச் சொல்வது, 'சோதனை' என்னும் தலைப்பில் தமக்குத்தாமே மடல் எழுதுவது ஆகியவற்றோடு நிறுத்தலாம்.

ஆயினும் ஒரு முறை, ஒரே முறை, சான்று அகப்பட்டுவிடும். எக்கோ மடல் ஒவ்வொன்றின் அடியிலும், வாசகர் கண்ணில் படாதபடி வழக்கமாக மறைக்கப்பட்ட இருவகை வரிகள் உண்டு: அம்மடல் யார் யாருக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்று நோடு எண்களை வரிசையாகச் சொல்வது சீன்பை வரி, எந்தெந்த நோடு வழியாக நடந்து வந்தது என்று சொல்வது பாத் வரி. ஒரே மடல் ஒருவருக்கே இரண்டு முறை போகாமல் தடுப்பதற்காக ஏற்பட்டது சீன்பை. சமையல் எக்கோ மூன்று வாரமாக வரவில்லை என்று வாடிய புதியவர், அதே ஹப்பிடம் மடல் வாங்கும் பக்கத்து நோடுக்காரரின் பிபிஎஸ்ஸை அழைத்து, அங்கே வந்திருக்கும் சமையல் மடலின் மறைவரிகளைத் திறந்துகாட்டச் சொல்லிப் பார்க்கிறார். அவருடைய நோடு எண் 212 என்க. சீன்பை வரியில் 204 இருக்கிறது, 207 இருக்கிறது, 211 இருக்கிறது, அடுத்து 215. ஹப்பின் டாஸர் கோப்பில் சமையலுக்கு நேரே 212 எழுதப்படவே இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடையாது. அதுவும் ஹப்பின் கணினியே தன் கைப்பட எழுதியது.

அந்த வரியை அப்படியே நகலெடுத்து நெட்மெயில் என்னும் தனிமடலில் அனுப்பினால் விடை வர இரண்டு நாள் ஆகும். விடையில் மூன்று செய்திகள் இருக்கும்: சீன்பை வரிகளை நம்பக்கூடாது; எக்கோ வேண்டுமென்றால் ஏரியாஃபிக்ஸ் வழியாகக் கேட்டிருக்க வேண்டும்; இப்போது வருகிறதா என்று பார்க்கவும், ஏனெனில் தம் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது. ஏரியாஃபிக்ஸ் என்பது, எக்கோவின் பெயரை ஒரு கூட்டல் குறியோடு எழுதி அனுப்பினால் ஹப்பின் கோப்பில் தானே சேர்த்துக்கொள்ளும் நிரல். அறியாத பெயரைக் கேட்டால், தெரியாது என்று ஒப்புக்கொண்டு பதிலும் எழுதும். ஒரே மேசையில் இருந்த இருவரில் இந்த நேர்மை நிரலுக்கு மட்டுமே வாய்த்தது.

இதுவரை சிரிப்பதற்குரியது, இனிச் சொல்வது சிரிப்பதற்கு அன்று. ஹப்பின் உள்ளூர் அழைப்பு எல்லைக்குள் குடியிருந்தவர் பிழைத்தார். எல்லைக்கு வெளியே சிற்றூரில் இருந்தவருக்கோ ஒவ்வொரு சோதனை அழைப்பும் நெடுந்தொலைவு அழைப்பு. கடவுச்சொல் பொருந்தாமல் துண்டிக்கப்பட்ட அழைப்புக்கும் தொலைபேசி நிறுவனம் காசு வாங்கியது. பிழை யார் பக்கம் என்று எழுத அந்த ரசீதில் கட்டம் இல்லை. ஒரு 'ஓ' எழுத்துக்காக இரவெல்லாம் அழைத்துத் தோற்றவர் தம் சம்பளத்திலிருந்து அந்தத் தொகையைக் கட்டினார். "அது என் தவறு" என்னும் மூன்று சொற்களைக் கேட்டிருந்தால் அவர் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்க மாட்டார். அச்சொற்களுக்காகவே காத்திருந்து, கிடைக்காமல், மோடத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டவர்களும் உண்டு.

ஆனால் மறுபக்கமும் எழுதப்பட வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் நோடுலிஸ்ட் என்னும் உலக நோடுகளின் பட்டியல் வெளியாகும். அதில் காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட ஒரு வரியே ஒரு நோடின் பிறப்புச் சான்று. ஊர்ப்பெயரை எழுதும்போது பழக்க தோஷத்தால் புதியவர் நடுவில் ஒரு காற்புள்ளி இட்டுவிட்டால், கட்டங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து, தொலைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் மனிதர் பெயர் வந்து நிற்கும். எண் பிழையானால் விளைவு இன்னும் கொடிது: வலையின் தொடக்க நாள்களில் பட்டியலில் தவறாக அச்சான ஓர் எண்ணால், கணினியே இல்லாத மூதாட்டி ஒருவரின் தொலைபேசி நள்ளிரவுகளில் அடித்துக்கொண்டே இருந்தது, எடுத்தால் மறுமுனையில் மனிதக் குரல் இல்லை. பிறர் எழுதிய வரியை ஹப்காரர் மூன்று முறை படித்துப் பார்த்ததற்கு அந்த மூதாட்டியும் ஒரு காரணம். ஹப்காரருக்கு ஊதியம் இல்லை. மேலிருந்து மடல் வாங்கும் நெடுந்தொலைவு அழைப்புக்குப் பெரும்பாலும் அவரே கட்டினார். அதிகாலை 4 மணிக்கு மோடம் விளக்கு எரிகிறதா என்று பார்க்க அவரே எழுந்தார்.

சீன்பை வரி அவரைக் காட்டிக்கொடுத்ததைப்போலவே பாத் வரி அவருக்காகப் பேசுகிறது. அந்த வட்டாரத்தில் படிக்கப்பட்ட எக்கோ மடல் எதைத் திறந்தாலும், எந்தக் கரையில் யார் எழுதியதாயினும், அது நடந்துவந்த வழியில் அவருடைய எண் நிற்கிறது; சமையற்குறிப்பு, அரசியல் சண்டை, பழைய கார் விற்பனை ஆகிய அத்தனையும் அவருடைய மூலைக் கணினியின் வழியாகவே வந்தன. தம்மைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அந்த ஒரு வரி போதும் என்றாலும், அதை அவர் ஒருநாளும் எடுத்துக்காட்டியதில்லை. ஒருவேளை அவருக்கும் தெரிந்திருக்கலாம்: வந்த மடல்களுக்குத்தான் பாத் வரி உண்டு, வராத சமையல் மடல்களுக்கு இல்லை.