பிரேக் கட்டையில் என்ன பாரம்பரியம்?

தாத்தாவின் ராலே சைக்கிளை ஓவர்ஆயில் பண்ணப் போகிறேன் என்று சொன்ன அன்றே பெரியப்பா எங்கள் குடும்பத்துத் தொல்லியல் துறையாக மாறிவிட்டார். "எல்லாம் நாட்டிங்காம் சாமான்டா. ஒரு நட்டைக்கூட மாத்தக் கூடாது!"

நான் கைவைத்த முதல் சாமான் பிரேக் கட்டை. ரப்பர் இறுகிப்போய், அழுத்திப் பார்த்தால் நகம்தான் உடையும். இந்த வண்டியில் வயர் கிடையாது. ஹேண்டில்பாரிலிருந்து இறங்கும் கம்பி, கட்டையை மேலே இழுத்து ரிம்மின் உட்பக்கத்தில் அழுத்தும். ரிம்மோ இரும்பு. மழையில் நனைந்துவிட்டால், பிரேக் பிடித்ததும் வண்டி "யோசித்துச் சொல்கிறேன்" என்கிறது. அது யோசித்து முடிப்பதற்குள் தண்ணீர் லாரி வந்துவிடும். "உங்க தாத்தா இதே கட்டையோடதான் ஓட்டினார்" என்றார் பெரியப்பா. அவர் காலத்தில் எதிரே வந்தது மாட்டுவண்டி.

அடுத்தது காட்டர் பின். பெடல் கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் சின்ன ஆப்பு அது. அதன் சரிவு தேய்ந்துவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் 'டக்' என்று ஆடும். "அது ராலேக்கே உரிய சத்தம்" என்று பெரியப்பா கண்ணை மூடி ரசித்தார். "பின்னு செத்துக்கிட்டிருக்கு சார்" என்றார் மெக்கானிக். இங்கிலாந்துப் பின் 9.5 மில்லிமீட்டர். 9 மில்லிமீட்டரிலும் பின் உண்டு. அரை மில்லிமீட்டர்தானே என்று அதைச் செருகினால் பழைய 'டக்' புது விலையில் கிடைக்கும். இரண்டு பின்னையும் எதிரெதிர்த் திசையில் தட்டி ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் பெடல்கள் நேர்கோட்டில் நிற்காது, நொண்டியடித்துக்கொண்டேதான் ஊர்வலம் போகலாம்.

செயினை ஸ்கேல் வைத்து அளந்தேன். 12 அங்குலம் இருக்க வேண்டிய கண்ணிகள் 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். 1/8 கூடினால் பல்சக்கரத்தையும் தின்றிருக்கும். "செயின் எங்கேயாவது நீளுமா? உன் ஸ்கேல் சுருங்கியிருக்கும்!"

பெரியப்பா ஓரிடத்தில் ஜெயித்தார். பெடல் அச்சின் கப்பை மாற்றலாம் என்றால் கடையில் இருந்த எதுவும் ஏறவில்லை. மற்ற கம்பெனிகள் அங்குலத்துக்கு 24 மரை போட்டபோது, ராலே மட்டும் 26 போட்டது. பழைய கப்பையே கழுவி, உள்ளே கால் அங்குலக் குண்டுகளை மட்டும் புதிதாகப் போட்டோம். பெரியப்பா அன்று இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

நாரை பொறித்த செயின் சக்கரத்தை நானும் தொடவில்லை. தோல் சீட்டையும் விட்டுவைத்தேன். தாத்தா உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கென்றே உண்டான பள்ளம். எனக்குப் பொருந்தாமல் இடுப்பு கழன்றுபோகிறது. ஆனால் சீட்டு வலிக்கத்தான் செய்யும், ஆளைக் கொல்லாது.

உங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு ராலே நின்றால், கையில் காசு இருக்கும்போதே கட்டையையும் பின்னையும் மாற்றிவிடுங்கள். பெயிண்ட் அடிப்பதைத் தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.