கூடம் கோணலா, சோஃபா கோணலா?

எங்கள் அக்ரஹார வீட்டுக் கூடம் 9½ அடி அகலம், 26 அடி நீளம். வாசலில் நின்றால் கொல்லைக் கதவு தெரியும். இரண்டு பக்கச் சுவரும் அண்டை வீட்டோடு பொது என்பதால் ஜன்னல் கிடையாது. நாற்காலிகளைச் சுவரோரமாக வரிசையாகப் போட்டால் டாக்டர் வீட்டு வராந்தா மாதிரி இருக்கிறதே?
*– வாசகி, வலியசாலை*

டோக்கன் கொடுத்துப் பாருங்கள், வருமானமாவது வரும்.

உங்கள் கூடத்தின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அது தரையில் உட்காருகிறவர்களுக்காகக் கட்டியது. பாயை விரித்தால் பந்தி, சுருட்டினால் நடை. வாசலில் நுழைந்த காற்று முற்றம் வழியாகக் கொல்லைக்குப் போக வேண்டும் என்றுதான் கதவுகளை ஒரே நேரில் வைத்தார்கள். சோஃபா பின்னால் வந்த விருந்தாளி. விருந்தாளிக்காக வீட்டை இடிக்க வேண்டாம்.

கணக்குக்கு வருவோம். நடக்க 3 அடி வழி வேண்டும். அதை ஒரே சுவரோரமாக, வாசல் முதல் கொல்லை வரை ஒதுக்கிவிடுங்கள். மிச்சம் 6½ அடி. சாதாரண சோஃபாவின் ஆழமே 3 அடி. எதிரெதிரே இரண்டு போட்டால் நடுவில் முழங்கால்கள் மோதிக்கொள்ளும், நடக்கிற வழியும் போய்விடும். ஆகவே ஒரு சுவரில் மட்டும் சோஃபா. அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பிரம்பு நாற்காலியைச் செங்குத்தாகத் திருப்பிப் போடுங்கள். டாக்டர் வீட்டில் எல்லோரும் எதிர்ச்சுவர் காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். இங்கே முழங்கால்கள் ஒன்றையொன்று பார்த்தால் பேச்சு தானாக வரும். இந்த ஏற்பாட்டுக்கு நீளத்தில் 12 அடி போதும். பின்பாதியை டிவிக்கோ படிக்கவோ தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவே அலமாரியை நிறுத்தித் தடுத்தால் காற்றும் நின்றுவிடும். ஒரு தாழ்ந்த பெஞ்சு போதும்.

எதையும் வாங்குமுன், வாங்கப்போகும் சோஃபாவின் அளவுக்குப் பழைய செய்தித்தாளைத் தரையில் ஒட்டிவிட்டு இரண்டு நாள் சும்மா இருங்கள். பால் பாத்திரத்தோடு வருகிறவர், செருப்பைத் தேடுகிற பேரன், போனில் பேசிக்கொண்டே உலாத்துகிறவர் யார் யார் எந்த மூலையில் மிதிக்கிறார்கள் என்று பாருங்கள். மிதிபட்டுக் கிழிந்த மூலையில் சோஃபாவின் கை வரக்கூடாது. இன்டீரியர் டிசைனர் இதற்கு ஃபீஸ் வாங்குவார்.

தரைக்கு ஜமக்காளம் வாங்கினால் பவானி ஜமக்காளம் மாதிரிப் பட்டைக் கோடு போட்டதாக வாங்கி, கோடுகள் சுவருக்குச் சுவர் குறுக்காக விழும்படி விரியுங்கள். கூடம் ஒரு அடி அகலமானது போலக் கண்ணுக்குத் தோன்றும். நீளவாட்டில் விரித்தால் ரயில் பெட்டிதான்.

ஆசையாக வாங்கிய மூன்று பேர் சோஃபா நிலைவாசலில் நுழையவில்லை. ஒரு பக்கக் கையை அறுத்துவிடலாம் என்கிறார் ஆசாரி. சரியா?
*– வாசகர், வலியசாலை*

உங்கள் பேட்டை மகாதேவர் கோயிலின் பெயர் காந்தளூர். ராஜராஜ சோழன் காந்தளூர்ச் சாலையில் எதை அறுத்தான் என்று ஆயிரம் வருஷமாகியும் அறிஞர்கள் முடிவுக்கு வரவில்லை. அதே பேட்டையில் நீங்கள் இன்னொன்றை அறுத்து அடுத்த தலைமுறை ஆராய்ச்சியாளர்களைக் குழப்ப வேண்டாம்.

முதலில் கால்களைக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் திருகுதான், 4 அங்குலம் மிச்சமாகும். பிறகு சோஃபாவைச் செங்குத்தாக நிறுத்தி, முதுகை முன்னே விட்டு நுழைத்து, உட்காரும் பகுதியை வளைத்துக் கொண்டுவாருங்கள். இதற்கும் மசியவில்லையென்றால் கடைக்காரரிடம் மாற்றிக் கேளுங்கள். பழைய வீட்டுக்காரர்கள் கடையில் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, ஆழத்தையும் உயரத்தையும். இரண்டில் சிறியது நிலையின் உள் அகலத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். உங்கள் தாத்தாவின் கட்டில் மட்டும் எப்படி உள்ளே போனது என்கிறீர்களா? கழற்றிக் கொண்டுபோய் உள்ளே பூட்டினார்கள். ஒற்றை இருக்கைகள் மூன்றை வாங்கி ஒட்டிப் போட்டாலும் மூன்று பேர் சோஃபாதான்.

மகள் பச்சை வெல்வெட்தான் வேண்டும் என்கிறாள். நான் பலராமபுரம் கைத்தறி என்கிறேன். தீர்ப்பு சொல்லுங்கள்.
*– வாசகி, ஸ்ரீகண்டேஸ்வரம்*

இருவருக்கும் டெபாசிட் காலி.

திருவனந்தபுரத்தில் ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று. ஜன்னலில்லாத கூடத்தில் வெல்வெட் ஈரத்தையும் தூசியையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகஸ்டில் மோந்து பார்த்தால் தெரியும். இப்போது மலிவாக வருவது பாலியஸ்டர் வெல்வெட். அது சீக்கிரம் மக்காது, ஆனால் மே மாதம் அதில் உட்கார்ந்து எழுந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும்.

பலராமபுரமோ உடுத்துகிற துணி. பலராமவர்மா மகாராஜா காலத்தில் தமிழ்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய சாலியர்கள் குழித்தறியில் நெய்து பெயர் வாங்கியது மெல்லிய கசவு வேட்டிக்கும் முண்டுக்கும். அதைச் சோஃபாவில் போட்டால் வேட்டியின் மேல் வேட்டியோடு உட்கார்ந்ததாகும். மோதிரம் மாட்டினால் ஒரே இழுப்பு. வாசல் ஜன்னலில் திரையாகத் தொங்கவிடுங்கள், வெளிச்சம் அதில் வடிந்து வரும் அழகே தனி.

இருக்கைக்குக் கண்ணூர்க் கைத்தறி. அங்கே 19-ஆம் நூற்றாண்டில் பாசல் மிஷன்காரர்கள் நெசவாலை வைத்தார்கள். வீட்டு அலங்காரத் துணிக்கு இன்றும் கண்ணூர்தான் பேர் போனது. புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. கனமான பருத்தி, நெருக்கமான நெசவு. மில் துணியே போதும் என்றால் மார்டின்டேல் எண் கேளுங்கள். துணியை எத்தனை தடவை தேய்த்தால் நைகிறது என்கிற சோதனை அது. தினமும் உட்காருகிற சோஃபாவுக்கு 25,000 இருந்தால் நல்லது. பேரக்குழந்தைகள் குதிக்கிற வீடென்றால் அதற்கும் மேலே போங்கள்.

பருத்தி சுருங்கும். ஆகவே தைக்கக் கொடுக்குமுன் தண்ணீரில் நனைத்து உலர்த்திக் கொடுங்கள். உறை கழற்றுகிற மாதிரி, ஜிப் வைத்து, இரண்டு செட். ஒன்று கொடியில் காயும்போது மற்றது வேலை பார்க்கும். இன்னொன்று, சோஃபாவைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் ஓதம் ஏறும். நான்கு விரல் இடைவெளி விட்டால் துணியின் முதுகு கறுக்காது. பச்சை நிறத்தை மகளுக்கு விட்டுக்கொடுங்கள். கண்ணூரில் பச்சையும் கிடைக்கும்.

ஜன்னல் இல்லாத கூடத்துக்குத் திரைச்சீலை அவசியமா?
*– வாசகர், கரமனை*

நாடகம் போடுவதாக இருந்தால்.

வருஷா வருஷம் 9 படி கொலு. ஆனால் இப்போது சோஃபா செட் இருக்கிறது. எது விட்டுக்கொடுக்க வேண்டும்?
*– வாசகி, வலியசாலை*

நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாக உங்கள் ஊருக்கு வருகிறார்கள். சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம், குமாரசுவாமிக்கு ஆர்யசாலை, நங்கைக்குச் செந்திட்டை. மூன்று பேருக்கும் தனித்தனி ஜாகை! ராஜாக்களே ஒரே கூடத்தில் எல்லோரையும் திணிக்கவில்லை. நீங்கள் தசாவதாரத்தையும் செட்டியார் பொம்மையையும் மூன்று பேர் சோஃபாவையும் ஒன்றாக உட்கார வைக்கப் பார்க்கிறீர்கள்.

ஒரு படிக்கு 10 அங்குல ஆழம் என்றால் 9 படிக்கு 7½ அடி. உங்கள் தெருக் கூடங்களின் அகலத்துக்கு இது சுவரிலிருந்து சுவர் வரை அணை கட்டுவது மாதிரி. சுண்டலோடு சமையலறையிலிருந்து வருகிறவர் வழி தெரியாமல் நிற்பார். 5 படியாகக் குறைத்தால் 4 அடிக்குச் சற்றுக் கூட. பக்கச் சுவரில் நிறுத்தலாம், மீதியில் தாராளமாக நடக்கலாம். படி குறைந்ததால் அம்பாள் கோபிப்பதில்லை, மாமியார்தான். அந்தப் பத்து நாளும் சோஃபா ரேழிக்கு. வருகிறவர்கள் ஜமக்காளத்தில் உட்காரட்டும். நவராத்திரி மண்டபத்தில் இசை கேட்கிறவர்களும் தரையில்தான் உட்காருகிறார்கள்.

கூடத்தில் ஊஞ்சலைக் குறுக்காக மாட்டலாமா, நீளவாட்டிலா?
*– வாசகர், கோட்டை*

ஆடுகிற திசை நீளவாட்டில் இருக்க வேண்டும். குறுக்கே ஆடினால் பக்கத்து வீட்டுச் சுவரை உதைப்பீர்கள். அவர்களும் ஊஞ்சல் வைத்திருந்தால் பதில் வரும். முன்னும் பின்னும் 3 அடியாவது காலியாக இருக்கட்டும். கொக்கியை மாட்டுமுன் உத்தரத்தை ஒரு நல்ல ஆசாரி தட்டிப் பார்க்கட்டும். கரையான் தின்ற மரம் தட்டினால் பொள்ளென்று சத்தம் தரும்.

கணவர் ரிட்டயர் ஆகிவிட்டார். மோட்டார் வைத்த ரிக்லைனர் வேண்டுமாம். இருக்கிற இடுக்கில் அதை எங்கே போடுவது?
*– வாசகி, ஆர்யசாலை*

விரித்தால் 5 அடிக்கு மேல் நீளும், முதுகுப் பக்கமும் இடம் கேட்கும். போட்டீர்களானால் நடைபாதை அவர் பாதத்துக்குக் கீழே போகும். கான்வாஸ் போட்ட ஈஸிசேர் வாங்கிக் கொடுங்கள். துணியை உருவித் துவைக்கலாம், மாலையில் மடித்துச் சுவரில் சாத்தலாம், கொலுவுக்கு மச்சில் ஏற்றலாம். கணவரை என்ன செய்வது என்பது இந்தப் பகுதியில் வராது.